எர்மினியா பார்க்காத படம்

எர்மினியா புய்திமேயாவின் விரல்களில் ரேகையே இருக்காது. பதினாறு வயதிலிருந்து யாவரோஸ் துறைமுகத்தில், ஐஸ் தண்ணீரில் கையை ஊறவைத்து இறால் உரித்தவள். வாக்காளர் அட்டைக்கு ரேகை எடுக்கப் போனபோது அந்த இயந்திரம் அவளை ஏற்கவே மாட்டேன் என்றது. "நான் இருக்கேன்னு இந்தப் பெட்டிக்கு யாராவது சொல்லுங்கப்பா" என்று அவள் சத்தம் போட, வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். நானும் அந்த வரிசையில் நின்றேன். எங்களுக்குள் பேச்சு தொடங்கியது அன்றைக்குத்தான்.

அப்போது அவள் மகன் ரமீரோ சின்னப் பையன். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாததால் அவளுக்கு அவன் ஒருவன்தான். அவனைப் படிக்க வைத்தாள். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. தண்ணீர் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். மலையடிவாரத்துப் பண்ணைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதுதான் வேலை. இருபத்திரண்டு வயதில், ஒரு ஜூன் மாதத்துக் காலையில் ஆலமோஸ் சாலையில் லாரியை எடுத்துக்கொண்டு போனான். லாரி மூன்றாம் நாள் கிடைத்தது. தொட்டியில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. அவன் இல்லை.

என் தம்பி காணாமல் போனது அதற்கு முந்தின வருடம். அதனால் அவளுக்கு முன்பே எனக்கு மண்வெட்டி பழகியிருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் காணாமல் போனவர்களை இப்படி மண்ணுக்கடியில் தேடுகிற பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாக இருந்தோம். புதனும் சனியும் போவோம். முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீர் ஜாடி, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய கோதுமை ரொட்டி. நுனி கூரான இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, வெளியே இழுத்து, நுனியை மூக்கருகே வைத்துப் பார்ப்போம். சில சமயம் வெறும் மண் வாசனை வரும். சில சமயம் வேறு வாசனை வரும். அதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எர்மினியா குழுவுக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். காணாமல் போனவர்களின் சுவரொட்டிகளில் அவள் போன் எண்ணைப் போட்டோம். எங்காவது ஒரு சட்டையோ செருப்போ கிடைத்தால் ஊர்பேர் தெரியாத ஆட்கள் படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்புவார்கள். அவள் அதைப் பார்த்து, அந்தச் சட்டையைத் தேடுகிற வீட்டுக்குத் தகவல் சொல்வாள். நல்ல கேமரா வேண்டும் என்று எல்லைக்கு அப்பால் தூசோனில் இருக்கும் அவள் அக்கா தன் பழைய போனைக் கொடுத்தனுப்பியிருந்தாள். எண் மட்டும் பழையதுதான். ரமீரோவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அது.

வந்த படம் எதையும் அவள் அழிக்க மாட்டாள். மங்கிப்போன பனியன், ஒற்றைச் செருப்பு, பெல்ட்டு, பல் கட்டிய தாடை, பாதி தெரிகிற பச்சை குத்து. "யாரோ ஒருத்தி பெத்த பிள்ளையோட சட்டை இது. நான் எப்படித் தூக்கிக் குப்பையில போடுவேன்?" என்பாள்.

இப்படி வந்த ஆட்களில் ஒருவர்தான் எங்கள் பால்காரர்.

அவர் பால்காரரே இல்லை. போனை யாராவது பிடுங்கிப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று எர்மினியா அவர் எண்ணை அந்தப் பெயரில் பதிந்து வைத்தாள். முதல் தடவை அவரிடமிருந்து ஒரு கருவேலமரத்தின் படம் வந்தது. எங்கள் மலையடிவாரம் முழுக்க அந்த மரம்தான். இதில் என்ன விசேஷம் என்று விட்டுவிட்டோம். மறுநாள் அதே மரம், இன்னும் தள்ளி நின்று எடுத்தது, பின்னால் உடைந்த காற்றாலையோடு. அதற்கடுத்த நாள் ஒரு கை, தரையைக் காட்டி நீட்டிய விரலோடு. ஒரு வார்த்தை எழுத்து கிடையாது, குரல் கிடையாது.

காற்றாலையை விசாரித்துக்கொண்டு போனோம். அந்த இடத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவன் எங்கள் குழுவில் இருக்கும் தோமாசா அக்காவின் மகன். அவள் அவனை அடக்கம் செய்த அன்று எர்மினியா அந்த எண்ணுக்கு ஒரு மெழுகுவர்த்திப் படத்தை அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து இன்னொரு மரம் வந்தது.

ஒரு வருடம் அப்படிப் போனது. எங்களுக்குள் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது.

"ஏன்டி எர்மினியா, இன்னிக்குப் பால்காரர் வந்தாரா?"

"வந்தார். உங்க வீட்டுக்கெல்லாம் ஊத்த மாட்டாராம். எனக்கு மட்டும்தானாம்."

"ஆள் எப்படி? ஒரு தடவையாவது மூஞ்சியைக் காட்டச் சொல்லு."

"ஒரு படத்துல நிழல் விழுந்திருக்கு பார். தொப்பி, கையில கம்பு. ஆள் ஒல்லி. சோறு போட்டுத் தேத்தணும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும்போது நாங்கள் சிரித்தது பெரும்பாலும் அந்த மனிதரை வைத்துத்தான். அவர் யார், எந்த ஊர், ஏன் இதைச் செய்கிறார் என்று நாங்கள் தேடிப் போகவில்லை. தெரியாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு என்று நினைத்தோம்.

அடுத்த வருடம் பிப்ரவரிக்குப் பிறகு எல்லாம் கெட்டது. அவர் காட்டிய இடத்துக்குப் போனால் எங்களுக்கு முன்னால் யாரோ வந்து தோண்டியிருந்தார்கள். புது மண், டயர் தடம், வெள்ளையாகச் சுண்ணாம்பு. குழி காலி. முதல் தடவை தற்செயல் என்றோம். இரண்டாம் தடவை கம்பிகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். மூன்றாவது குழியின் ஓரத்தில் குழந்தையின் பின்னலில் கட்டும் கயிறு ஒன்று கிடந்தது. தோமாசா அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

போகிற இடம் எங்கள் ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும். அப்படியானால் சொன்னது எங்களில் ஒருத்தி.

சந்தேகம் நீதியா மேல் விழுந்தது. எங்களில் இளையவள் அவள். புருஷன் நகராட்சிப் போலீஸ்காரன். வேலை முடித்துத் திரும்பும் வழியில் காணாமல் போனவன். அவனோடு வேலை பார்த்தவர்கள் இன்னமும் அவள் வீட்டுக்கு வந்து போவார்கள். போலீஸும் புதைக்கிறவர்களும் ஒன்று என்று நம்பிய எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களில் சின்னவர்கள் மரியாதையாகத் 'தோன்யா' என்று கூப்பிடும் எர்மினியாதான் கேட்டாள்.

"நீதியா, சனிக்கிழமை எங்கே போறோம்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் ஏன் சொல்றேன்?"

"வீட்டுக்கு வர்றவங்க கேட்டிருப்பாங்க. நீயும் பேச்சுவாக்குல..."

"தோன்யா எர்மினியா, நேராக் கேளுங்க. நான் காட்டிக் கொடுத்தேனான்னு கேளுங்க."

"சரி, கேக்கறேன். உன் புருஷனோட கூட்டாளிங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கிட்டு, இங்க வந்து எங்களோட மண்ணைத் தோண்டறியே, உனக்குக் கை கூசலையா?"

நீதியா அழவில்லை. தன் கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "நானும் ஒருத்தனைத் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அவள் போன பிறகும் குழிகள் காலியாகத்தான் இருந்தன. ஈஸ்டர் தாண்டியதும் பால்காரரிடமிருந்து படம் வருவதே நின்றது. எர்மினியா மெழுகுவர்த்தியை அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. மறுநாளும் ஒற்றை டிக்தான். அவள் சமைக்கும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போயிருப்பார்" என்றேன்.

"ஆடு மேய்க்கிறவன் எந்த ஊருக்குடி போவான்?"

"ஆடு மேய்க்கிறவர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாப் படத்துலயும் தரையில புழுக்கை கிடக்கும் எல்வா. நீ மரத்தைப் பார்த்திருப்பே."

மே மாதம் அன்னையர் தினத்து ஊர்வலத்துக்கு எங்கள் மாநிலத் தலைநகர் எர்மொசீயோவிலிருந்து பெர்லா என்றொருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும், முன்தலை நரைத்தவள். வானொலி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது எங்களைப் போன்ற குழுக்களின் போன்களைச் சோதிப்பதைத் தொழிலாக வைத்திருந்தாள். வேறொரு குழுவின் வக்கீல் போனில் ஏதோ புகுந்திருந்ததாம். உங்களுடையதையும் கொடுங்கள், பார்க்கிறேன் என்றாள். கூடத்து மேசையில் வரிசையாக வைத்தோம். தன் கணினியில் ஒவ்வொன்றாக இணைத்து ஏதோ ஓட்டினாள். என்னுடையது சுத்தம். தோமாசா அக்காவுடையது, "இதுல திரையே பாதிதான் இருக்கு, இதுக்குள்ள யார் வருவா?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எர்மினியாவுடைய போனை வைத்தவள் அதே சோதனையை மறுபடியும் ஓட்டினாள்.

"தோன்யா எர்மினியா, இப்படிக் கொஞ்சம் வந்து உட்காருங்க."

"எல்லார் முன்னாடியும் சொல்லு. இங்க எங்களுக்குள்ள ஒளிவு இல்லை."

"இந்தப் போன்ல ஆள் இருக்காங்க. பிப்ரவரியில இருந்து இருக்காங்க."

"ஆள்னா?"

"நீங்க பேசறதைக் கேக்கறாங்க. எழுதறதைப் படிக்கறாங்க. நீங்க எங்க நிக்கறீங்கன்னு பார்க்கறாங்க. போன் மேசையில சும்மா கிடந்தாலும் கேக்கறாங்க."

எர்மினியா போன் இருந்த இடத்தைப் பார்த்தாள். பெர்லா அதை ஏற்கெனவே அணைத்து, தகரப் பெட்டியில் போட்டு மூடியிருந்தாள்.

"நான் கண்டதையும் தொட மாட்டேனே. பரிசு விழுந்துச்சுன்னு வர்றதைத் தொட்டதில்லை. வங்கியில இருந்து பேசறேன்னு வந்தா வெச்சுடுவேன்."

"நீங்க எதையும் தொடலை. ஒரு படம் வந்திருக்கு. யாரோ தெரியாத நம்பர்ல இருந்து."

"எனக்குத் தெரியாத நம்பர்ல இருந்துதான் எல்லாப் படமும் வருது. எந்தப் படம்? நான் எல்லாத்தையும் பார்த்திருக்கேன்."

"இதை நீங்க பார்த்திருக்க முடியாது."

பெர்லா நிதானமாகச் சொன்னாள். எங்களில் யாருக்கும் புரியாமல் போய்விடக்கூடாது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு படம் வந்தா, நீங்க தொடற வரைக்கும் போன் காத்துக்கிட்டு இருக்காது. வந்த உடனே தானே அதைப் பிரிச்சு, உங்களுக்குக் காட்ட ஒரு சின்ன உருவம் தயார் பண்ணிடும். படத்துக்கு முன்னாடி நீங்க வர மாட்டீங்க. போன்தான் முதல்ல பார்க்கும். படத்தோட தலையில, 'நான் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்'னு எழுதியிருக்கும். போன் அதை நம்பி அந்த அளவுக்கு இடம் ஒதுக்கும். இந்தப் படம் பொய் சொல்லிச்சு. கொஞ்சம் இடம் போதும்னு சொல்லிட்டு, நிறையக் கொட்டிச்சு. வழிஞ்சது எங்க விழுந்துச்சுன்னா, அடுத்து என்ன செய்யணும்னு போன் தனக்குத் தானே குறிச்சு வெச்சிருக்கிற இடத்துல. வழிஞ்சது குப்பை இல்லை. கட்டளை. போன் அதையும் தன்னோட வேலைன்னு நினைச்சுச் செஞ்சுது. கதவைத் திறந்து விட்டுச்சு. அப்புறம் அந்தப் படத்தையும் அழிச்சுடுச்சு."

"என்ன படம் அது?" என்றாள் எர்மினியா.

"தெரியலை. ஒண்ணுமே இல்லாமக்கூட இருந்திருக்கலாம். படம்னு பேர் இருந்தாப் போதும்."

"என் போனுக்கு வந்தது. நான் பார்க்கலை."

"இல்லை."

"பால்காரர் அனுப்பினது எல்லாம்?"

"இதுல இருந்தது எல்லாம் அவங்க கையில இருக்கு."

"அவர் நம்பர்?"

"அதுவும்."

"நம்பரை வெச்சு ஆளைப் பிடிக்க முடியுமா?"

பெர்லா பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னாள். "இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு அது பெரிய வேலை இல்லை, தோன்யா."

"அப்போ நான்தான் காட்டிக் கொடுத்தேன்."

"நீங்க ஒண்ணுமே செய்யலை."

"ஒண்ணுமே செய்யாம" என்றாள் எர்மினியா. பிறகு அவள் கேட்டாள்: "தினமும் காலையில அந்தப் போன் ஏதோ கேக்கும். புதுசா மாத்திக்கணும், இடம் போதலை, எதையாவது அழின்னு கேக்கும். அது இதுக்குத்தானா?"

பெர்லா தலையைக் குனிந்துகொண்டாள். படம் வழிந்து நுழைந்த அந்த ஓட்டையைப் போன் கம்பெனி டிசம்பரிலேயே கண்டுபிடித்து அடைத்துவிட்டது. அடைக்கிற மருந்து எர்மினியாவின் போனுக்கும் வந்து வாசலில் நின்றது. உள்ளே வர இடமில்லை. உள்ளே முழுக்கச் சட்டைகளும் செருப்புகளும் இருந்தன.

"எந்தச் சட்டையை அழிச்சிருக்கணும் நான்?" என்று எர்மினியா எங்களைப் பார்த்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் நேராக நீதியா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். நீதியா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"நீ இல்லை" என்றாள் எர்மினியா. "என் போன். ஒரு படம் வழியா வந்திருக்காங்க. நான் உன்னைச் சொன்னது அத்தனையும் பொய். எல்லார் முன்னாடியும் சொன்னேன்; எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கறேன். வா."

நீதியா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "உங்க மேல எனக்குக் கோபம் இல்லை, தோன்யா. உங்க இடத்துல நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனா திரும்பி வர முடியாது. அந்தக் கூடத்துல உட்கார்ந்தா எல்லார் மூஞ்சியும் அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் எனக்குத் தெரியும்."

"அவனைத் தேட வேண்டாமா?"

"தேடறேன். தனியாத் தேடறேன்."

அந்த மழைக்காலத்தில் அவள் குழந்தையோடு எல்லையோர நகரமான திஹுவானாவுக்குப் போய்விட்டாள். அங்கே வேறொரு குழுவில் இருப்பதாகக் கேள்வி. அவள் புருஷன் பெயரை எங்கள் பட்டியலில் இருந்து நாங்கள் எடுக்கவில்லை.

பெர்லா ஒரு வாரம் எங்களோடு தங்கினாள். போனைத் தூக்கிப் போடுங்கள், எண்ணை மாற்றுங்கள், தெரியாதவர்கள் அனுப்பும் படத்தைப் போன் தானாகப் பிரிக்காதபடி அடைத்து வையுங்கள் என்றாள். எர்மினியா முடியாது என்றாள்.

"தெரியாதவங்க அனுப்பற படத்தை வெச்சுத்தான் நாங்க பிழைக்கறோம். அதை அடைச்சா அப்புறம் எதுக்கு நான் இருக்கேன்? நம்பரையும் மாத்த மாட்டேன். என் பையனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

இரண்டு பேரும் பிடிவாதக்காரிகள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. ரமீரோவுக்குத் தெரிந்த எண்ணைப் பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றில் போட்டார்கள். அது மணி அடிக்கும், அவ்வளவுதான். அதற்குப் படம் என்றால் என்னவென்றே தெரியாது. படங்கள் வருவதற்குப் புது எண்ணில் வேறொரு போன், கூடத்திலேயே இருக்கும். அதில் யார் பெயரும் இருக்காது. அதன் பக்கத்தில் நின்று யாரும் எதையும் பேசக்கூடாது. வந்த படங்களை அச்செடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை அதைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். காகிதத்தில் இருந்து எதுவும் வழியாது என்றாள் பெர்லா. புகாரும் கொடுத்தோம். வாங்கிய அதிகாரி, யார் செய்தது என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்டார். அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லையா என்றாள் பெர்லா. இன்றுவரை பதில் இல்லை.

எர்மினியாவுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். அவள், பழைய போனிலிருந்து பெர்லா அச்செடுத்துக் கொடுத்த படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். மரங்கள், காற்றாலை, நிழல்.

"எல்வா, பால்காரரைத் தேடணும்."

"பேர் தெரியாது, முகம் தெரியாது. எப்படித் தேடறது?"

"பேர் தெரிஞ்சவங்களை மட்டும்தான் தேடணும்னு யார் சொன்னா?"

ஆடு ஒரு நாளில் இவ்வளவு தூரம்தான் போகும், சாயங்காலம் தண்ணீருக்குத் திரும்பியாக வேண்டும் என்பது அவள் கணக்கு. அவர் காட்டிய இடங்கள் எல்லாமே ஒரு ஓடையைச் சுற்றி வந்தன. ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி வாங்க வந்தவர்கள் மாதிரி, பகல் வெளிச்சத்தில், இரண்டு பேரும் அந்தப் பக்கத்துக் குடிசைகளில் ஏறி இறங்கினோம். நாலாவதோ ஐந்தாவதோ வீட்டில் ஒரு பெண் இருந்தாள். எங்களைவிட மூத்தவள், பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்தாள். பட்டியில் ஆடுகள் அடைபட்டபடி கத்திக்கொண்டிருந்தன.

"ஆடுங்களை மேய்ச்சலுக்கு விடலையா?" என்றாள் எர்மினியா.

"மேய்க்கிறவன் இல்லை. என் தம்பி. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் போனான். ஆடு மட்டும் திரும்பி வந்துச்சு."

அவள் பெயர் கிரெசென்சியா யோக்குப்பீசியோ. தம்பி பெயர் அன்செல்மோ. அந்தப் பெயரை எர்மினியா வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு வருடமாகப் பேசாமல் பேசிய மனிதரின் பெயர்.

"அவர் போன்ல படம் எடுப்பாரா?"

கிரெசென்சியாவின் கை நின்றது. "நீங்க யாரு?"

எர்மினியா சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. சுவரொட்டி, மரங்கள், கிடைத்தவர்கள், பால்காரர் என்ற பெயர், பிறகு அந்தப் படம். "என் போன் வழியாத்தான் அவரைப் பிடிச்சிருக்காங்க. எனக்குத் தெரியாது. ஆனா என் போன்தான்."

கிரெசென்சியா வெகுநேரம் பாலாடைக்கட்டியைத் துணியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்தாள்.

"அவனுக்கு எழுதத் தெரியாது" என்றாள். "ஆடு மேய்க்கிறவனுக்கு எதுக்குடா போன்னு கேட்டேன். சிரிச்சான். சில இடத்துல ஆடு மேய மாட்டேங்குது அக்கா, மோந்து பார்த்துட்டுத் திரும்பிடுதுன்னான். விட்டுட்டு வான்னேன். யாரோ ஒருத்தி தேடிக்கிட்டு இருப்பா இல்லன்னான்."

பிறகு எங்களைப் பார்க்காமலே, "கிளம்புங்க" என்றாள்.

கிளம்பினோம். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் எர்மினியா அழுதாள். ரமீரோவின் லாரி கிடைத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, நாங்கள் வண்டியில் ஏறும் நேரத்தில் கிரெசென்சியா கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சொந்த மண்வெட்டி. இடுப்புத் துணியில் அன்செல்மோவின் படம். யாரோ கல்யாணத்தில் எடுத்தது; தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒல்லியான ஆள்தான். பெர்லா சொல்லியிருந்தபடி அதைப் போனில் ஏற்றாமல், கடையில் நகல் எடுத்துச் சுவரொட்டியில் ஒட்டினோம்.

கிரெசென்சியா வண்டியின் ஒரு கோடியில் உட்காருவாள், எர்மினியா மறுகோடியில். எங்களோடெல்லாம் பேசுவாள், எர்மினியாவோடு பேச மாட்டாள். ரொட்டியைப் பகிரும்போது எர்மினியா கை நீட்டினால் என் வழியாக வாங்கிக்கொள்வாள். ஒரு தடவை தோமாசா அக்கா பொறுக்க முடியாமல், "இன்னும் எத்தனை நாளைக்குடி இந்த ஊமை நாடகம்?" என்று கேட்டுவிட்டாள். "அவன் கிடைக்கட்டும்" என்றாள் கிரெசென்சியா. எர்மினியா அவளை ஒருபோதும் கட்டாயப்படுத்தவில்லை. கம்பியை அடிப்பது, இழுப்பது, மோந்து பார்ப்பது. எந்தப் பக்கம் போவது என்பதைக் கிரெசென்சியாதான் சொல்வாள். அந்த மலையடிவாரம் அவளுக்கு உள்ளங்கை மாதிரி.

கள்ளிப்பழக் காலம் முடிந்து, மழை முடிந்து, குளிர் வந்தது. ஜனவரியில் வறண்ட ஓடையின் கரை ஒன்றில் கம்பியை இழுத்த எர்மினியா அதை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். மெதுவாகத் தோண்டினோம். தகர வளையம் வைத்த பெல்ட்டு முதலில் தெரிந்தது. கிரெசென்சியா குனிந்து அதைத் துடைத்தாள்.

"நான்தான் தைச்சுக் கொடுத்தேன்" என்றாள்.

கிடைத்த இடத்தைப் படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அரசாங்க ஆட்கள் வந்து எடுத்துப் போன பிறகு எதையாவது மாற்றிச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக. கேமரா எர்மினியா கையில்தான் இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை.

"எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். கிரெசென்சியாவிடம் அவள் நேராகப் பேசியது அந்த முதல் நாளுக்குப் பிறகு அப்போதுதான்.

"எடு" என்றாள் கிரெசென்சியா. "யாருக்கும் அனுப்பாதே."

எலும்புகளைச் சோதித்து, பெயர் எழுதித் திருப்பிக் கொடுக்க மாதக்கணக்கில் ஆனது. அன்செல்மோவை அவர்கள் ஊர் இடுகாட்டில், அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். அவர் இடம் காட்டியதால் பிள்ளையைத் திரும்பப் பெற்ற பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேளக்காரர்கள் எங்கள் பக்கத்துப் பழங்குடிகளின் மான் நடனத்துப் பாட்டை மெல்ல வாசித்தார்கள். பெர்லா எர்மொசீயோவிலிருந்து பேருந்தில் வந்து பின்வரிசையில் நின்றாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது கிரெசென்சியா மண்மேட்டின் தலைப்பக்கம் நின்றிருந்தாள். எர்மினியா கால்பக்கம். நான் இடையில் நிற்க வேண்டாம் என்று கொஞ்சம் தள்ளிப் போனேன். ஆனால் காது அங்கேதான் இருந்தது.

"இவ்வளவு பேர் தேடறாங்க. ஏன் உனக்கு அனுப்பினான்?" என்றாள் கிரெசென்சியா.

"சுவரொட்டியில என் நம்பர் இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கிரெசென்சியா மண்மேட்டில் கிடந்த ஒரு கல்லைக் கைத்தடியால் ஒதுக்கினாள். "உன் பையன் எந்தச் சாலையில போனான்?"

"ஆலமோஸ் சாலை. தண்ணி லாரி."

"நீலத் தொட்டி வெச்ச லாரியா?"

"ஆமா."

"எங்க ஓடை வத்தின வருஷம் அது வந்து தண்ணி ஊத்திட்டுப் போகும். பையன் உரக்கப் பாடிக்கிட்டே வருவான், ஆடெல்லாம் மிரளும்." அவள் கைத்தடியால் மேற்கே காட்டினாள். "அந்தப் பக்கம் இன்னும் யாரும் கம்பி போடலை. பாறையா இருக்கும். சனிக்கிழமை வெள்ளனே வாங்க. நான் வழி காட்டறேன்."

எர்மினியா தலையை ஆட்டினாள். கிரெசென்சியா அவள் கையைப் பிடிக்கவில்லை, அணைக்கவும் இல்லை. ஆட்டுப்பட்டியைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ரமீரோ இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பாறைப் பக்கத்தில் பாதிவரை போயிருக்கிறோம்.